மூன்று விரல் தண்ணீர்

மல்லிகை மணம், மழை விழுந்த மண்ணின் மணம், பெருநாள் காலையில் வாப்பா பூசிக்கொள்ளும் அத்தர் மணம் என்று நல்ல மணங்களைப் பற்றி எங்கள் சஞ்சிகையில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு கெட்ட மணத்தைப் பற்றி. எங்கள் வீட்டுக் குளியலறையில் மூன்று வருடங்களாக வீசிய நாற்றத்தைப் பற்றி. "இதையெல்லாமா எழுதுவாய்?" என்று தோழிகள் சிரித்தார்கள். தூய்மையை ஈமானின் பாதியாகக் கருதும் மார்க்கம் எங்களுடையது. நாளுக்கு ஐந்து வேளை வுழூச் செய்யும் இடத்தைப் பற்றிப் பேச ஏன் கூச்சப்பட வேண்டும்? அந்த நாற்றத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு சிறிய வேலைப் பிழை. அந்தப் பிழையின் பழியைச் சுமந்தவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்து நீராவிப்பிட்டி. அயலில் தண்ணீரூற்று. இரண்டு ஊரின் பெயரிலும் நீர் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்கு எட்டு வயது. புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே நிக்காஹ் முடித்து, அங்கேயே ராத்தாவையும் என்னையும் பெற்றெடுத்தவர். முகாம் வாழ்க்கையைப் பற்றி உம்மா அதிகம் பேசமாட்டார். பேசினால் இரண்டு விடயங்கள் கட்டாயம் வரும். ஒன்று, மழைக்கு ஒழுகிய ஓலைக்கூரை. மற்றது, மலசலகூட வரிசை. பல குடும்பங்களுக்கு ஒன்று என்பதால் பெண்பிள்ளைகள் இருட்டும்வரை பொறுத்திருப்பார்களாம். அடிக்கடி போகவேண்டி வரும் என்று பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்களாம். உம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொல்வார். கேட்கும் எங்களுக்குத்தான் தொண்டை வரண்டுபோகும்.

யுத்தம் முடிந்த பின் ஊர் திரும்பினோம். வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. மலசலகூடம் வளவின் மூலையில் தனியாக இருந்தது. உம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம் கூடியபோது, இரவில் ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு அவரை அங்கே கூட்டிப்போவது ராத்தாவின் வேலையாயிற்று. பாம்புப் பயம் வேறு. வாப்பா இரண்டு போகத்து நெல்லுக்காசைச் சேர்த்து, 2019 இல் வீட்டோடு ஒட்டிய குளியலறை ஒன்றைக் கட்டுவித்தார். வெள்ளை மாபிள், புதுக் கொமட், கைகழுவும் பேசின். உம்மம்மா முதல்நாள் உள்ளே போய்க் கொழுக்கியைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "உள்ளுக்க பூட்டலாம்" என்றார். முப்பது வருடம் காத்திருந்த வார்த்தைகள் அவை. இதைச் சொல்லாவிட்டால், ஒரு குளியலறை நாறியதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று வாசிப்பவர்களுக்கு விளங்காது.

கட்டிய மேசன் சுவர் வேலையில் கெட்டிக்காரர். அவருடைய பூச்சில் ஒரு மேடு பள்ளம் காணமுடியாது. ஆனால் குழாய் வேலை அவர் பழகிய தொழில் அல்ல. ஊரில் அப்போது எல்லா வீட்டிலும் கட்டட வேலை. கரண்டி பிடிக்கத் தெரிந்தவரே குழாயும் பொருத்தினார். தரைத் தண்ணீர் போகும் குழாய், பேசின் குழாய், கொமட்டின் பெரிய குழாய் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து நேராகக் குழிக்கு விட்டார். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. மறுநாள் மேலே சீமெந்து போட்டு, மாபிளும் ஒட்டியாயிற்று. சுவரில் ஒரு வெடிப்பு இருந்தால் வாப்பா கண்டிருப்பார். மண்ணுக்குள் போன வேலையை யார் காண்பது?

முதல் இரண்டு வாரம் புது மாபிளின் மணம். பிறகு அது வந்தது. அழுகிய முட்டையின் மணம். மத்தியான வெயிலில் கூடும். சோளகம் வீசும் நாட்களில் வீட்டின் நடுவரைக்கும் வரும். மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து குழி நிரம்பினால் இன்னொரு விதமாக, கனமாக வரும். உம்மா கழுவினார். மேலும் கழுவினார். பினாயில், குளோரின் தூள், மலசலகூடம் கழுவும் அமிலம், பூச்சி உருண்டை, தேசிக்காய்த் தோல், சாம்பிராணி, ஊதுபத்தி என்று ஊரில் சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்தார். ஒருநாள் அமிலம் ஊற்றிய இடத்திலேயே குளோரின் தூளையும் போட்டபோது எழும்பிய புகையில் மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தார். இந்த இரண்டும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு உண்டாகும் என்று போத்தலில் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து எறும்பின் காலளவு. உம்மாவின் விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்தன. மணம் அப்படியே இருந்தது.

நாற்றத்தை விட அதன் பேச்சுத்தான் எங்களைச் சுட்டது. ஒரு வீடு நாறினால் யாரும் மேசனைக் கேட்பதில்லை. "அந்த வீட்டுப் பொம்புளையளுக்குத் துப்புரவு காணாது" என்பார்கள். வீட்டுக்குள்ளேயும் அதே கதைதான். வாப்பா கோபக்காரர் அல்லர், ஆனாலும் சாப்பிட உட்காரும்போது, "இண்டைக்குக் கழுவேல்லையா?" என்று கேட்பார். அன்று இரண்டு தரம் கழுவியிருந்த உம்மா பதில் சொல்லாமல் எழும்பிப்போய் மூன்றாம் தரம் கழுவுவார்.

ராத்தாவைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் இருந்து சாம்பிராணி போட்டோம். அஸருக்கு நேரமானது. வந்தவர்களில் மூத்த பெண்மணி வுழூச் செய்யக் குளியலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முந்தானை மூக்கில் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. தேநீரில் பாதியை வைத்துவிட்டு, ஸலாம் சொல்லிப் போனார்கள். அந்தச் சம்பந்தம் வரவில்லை. காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு கிழமை கழித்து எங்கள் வீட்டு மணம் தண்ணீரூற்றுக் கடைத்தெருவரைக்கும் கதையாகப் போயிருந்தது. அதன்பின் ராத்தா தன் தோழிகளை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திக்கொண்டார்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கட்டாரில் பல வருடம் பிளம்பராக வேலை செய்தவர். விடுமுறையில் வந்தவர் எங்கள் வீட்டில் ஒரு இரவு தங்கினார். காலையில் குளியலறைக்குப் போய்விட்டு வந்து அவர் முதலில் கேட்டது, "ஊதுபத்தி இருக்கா?" என்று. மணத்தை மறைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து உம்மா வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தார். மாமா அதைப் பற்றவைத்து, தரைத் துவாரத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, "மகள், கொமட்டுக்கு ஒரு வாளி தண்ணி ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். நேராக எழுந்துகொண்டிருந்த புகை, யாரோ கீழே இருந்து ஊதியதுபோல் குப்பென்று கலைந்தது. அதே நேரம் அந்த மணமும் வந்தது.

பிறகு துவாரத்தின் மூடியைக் கழற்றி, ரோர்ச் லைற்றை அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். "என்ன தெரியுது?" "ஒண்டும் தெரியேல்ல மாமா, இருட்டா இருக்கு." "அதுதான் பிழை. இதுக்குள்ள தண்ணி மினுங்கோணும்." உம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமா அவரைப் பார்த்துச் சொன்னார்: "ராத்தா, நீங்க இன்னும் பத்து வருஷம் தேச்சாலும் இது போகாது. இது ஊத்தையால வாற மணமில்ல. வழியால வாற மணம்."

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்னில பிழையில்லையா?" என்று கேட்டார். வாப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். அவர் நிலத்தைப் பார்த்தார். அன்று பின்னேரம் மாபிளை உடைப்பதற்கு உளியையும் சுத்தியலையும் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

மாமா விளங்கப்படுத்தியதை நான் பௌதிகவியல் பாடத்தோடு சேர்த்து விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். மலக்குழியில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் பற்றீரியாக்கள் கழிவை உடைக்கும்போது வாயுக்கள் உண்டாகின்றன. அதில் மெதேனுக்கு மணமில்லை. ஐதரசன் சல்பைட்டுக்குத்தான் அழுகிய முட்டை மணம். காற்றில் மிகமிகச் சிறிதளவு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். வாயு வெளியேற வழி தேடும். கழிவு நீர் கீழே போகும் அதே குழாய், வாயுவுக்கு மேலே வரும் பாதை. ஒரே வழியால் தண்ணீர் கீழே போகவேண்டும், வாயு மேலே வரக்கூடாது. கதவு வைக்க முடியாது. கதவு வைத்தால் தண்ணீரும் நின்றுவிடும்.

இதற்கு மனிதன் கண்ட வழி மிக எளிமையானது. குழாயைக் கீழ்நோக்கி வளைத்து மறுபடி மேல்நோக்கித் திருப்பிவிட்டால், அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். மேலே இருந்து புதுத் தண்ணீர் வரும்போது பழையது தள்ளப்பட்டுப் போய்விடும். புதியது அந்த இடத்தில் நிற்கும். வாயுவால் அந்தத் தண்ணீரைத் தாண்டி வரமுடியாது. இந்த வளைவைத்தான் பிளம்பர்மார் 'ட்ராப்' என்கிறார்கள். அதில் நிற்கும் தண்ணீரின் ஆழம் சாதாரணமாக 50 மில்லிமீற்றர், இரண்டு அங்குலம். என் விரல்களை வைத்துப் பார்த்தேன். மூன்று விரல். எங்கள் வீட்டுக்கும் மலக்குழிக்கும் இடையில் இருக்கவேண்டியது அந்த மூன்று விரல் தண்ணீர்தான். எங்கள் கொமட்டில் அது இருந்தது. கொமட்டைச் செய்யும்போதே அந்த வளைவையும் சேர்த்துச் செய்துவிடுவார்கள். உம்மா அமிலம் ஊற்றி ஊற்றித் தேய்த்த கொமட் ஒரு குற்றமும் அறியாதது. தரைத் துவாரத்திலும் பேசினுக்குக் கீழேயும் வளைவு இல்லை. அந்த இரண்டும் குழியின் இரண்டு திறந்த வாய்களாக வீட்டுக்குள் இருந்தன.

"அப்ப ட்ராப்பை மட்டும் போட்டாச் சரியா?" என்று வாப்பா கேட்டார். மாமா குசினியில் இருந்து ஒரு ரின்பால் பேணியை எடுத்து வரச்சொன்னார். பேணியில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் ஒழுங்காக வராது; திக்கித் திக்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால் காற்று உள்ளே போகும், பால் சீராக ஓடும். நாங்கள் எல்லோரும் தினமும் செய்கிற வேலைதான். கழிவுக் குழாய்க்கும் அந்த இரண்டாவது துளை வேண்டும். அது இல்லாவிட்டால், ஒரு வாளி தண்ணீர் வேகமாகக் கீழே போகும்போது பின்னால் அமுக்கம் குறைந்து, ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மோட்டார்சைக்கிள் தாங்கியில் இருந்து குழாய் வைத்து உறிஞ்சிப் பெற்றோல் எடுப்பதும் இதே விதிதான். ஆகவே கழிவுக் குழாயில் இருந்து கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் காற்றுக் குழாய் ஒன்று வேண்டும். காற்று அதனால் உள்ளே வரும்; குழியின் வாயு அதனாலேயே உயரத்துக்குப் போய்க் காற்றோடு கலைந்துவிடும். அதன் வாயில் நுளம்பு போகாத வலை கட்டவேண்டும்.

இரண்டு நாள் வேலை. ஆறு மாபிள்கள் உடைந்தன. தரைக்கு ஒரு ட்ராப், பேசினுக்கு ஒரு ட்ராப், கூரைக்கு மேலே உயர ஒரு குழாய். ஒரு ட்ராப்பின் விலை ஒரு கோழியின் விலையை விடக் குறைவு என்று கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்றாம் நாள் காலை உம்மா குளியலறைக்குள் போய் வெகுநேரம் சும்மா நின்றுவிட்டு வந்தார். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இந்த வளைவின் கதையைத் தேடிப் பார்த்தேன். லண்டனில் மணிக்கூடு செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775 இல் தண்ணீர் தங்கி நிற்கும் வளைகுழாய் கொண்ட மலசலகூடத்துக்கு உரிமம் பெற்றார். அந்த வளைவு இருநூற்றைம்பது வருடப் பழமையானது. அதே லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதி கழிவால் நாறி, பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் நனைத்துத் தொங்கவிட வேண்டிவந்தது. சாம்பிராணி போட்ட எங்கள் நிலைமைதான் அவர்களுக்கும். நாற்றத்தை மறைக்க முடியாது என்று கண்ட பின்புதான் நகரத்துக்கு நிலத்தடி வாய்க்கால்கள் கட்ட முடிவெடுத்தார்கள். அந்தப் பெரிய வேலையைச் செய்தவர் ஜோசப் பசல்கெட் என்ற பொறியியலாளர். அதிகாரம் உள்ளவர்களின் மூக்குக்கு எட்டும்வரை ஒரு நாற்றம் பெண்களுடைய, ஏழைகளுடைய பிரச்சினையாகவே இருக்கும் போலும்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2003 இல் ஹொங்கொங்கில் நடந்தது. சார்ஸ் நோய் பரவிய அந்த வருடம், அமோய் கார்டன்ஸ் என்ற மாடிக்குடியிருப்பில் 300 பேருக்கு மேல் அந்த நோய் தொற்றியது. 42 பேர் இறந்தார்கள். காரணத்தை ஆராய்ந்தவர்கள் கடைசியில் வந்து நின்ற இடங்களில் ஒன்று குளியலறைத் தரைத் துவாரம். அங்கே ட்ராப் இருந்தது. ஆனால் மக்கள் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்துவந்ததால் ட்ராப்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. கதவைச் சாத்திக் காற்றாடியைப் போட்டபோது, கழிவுக் குழாய்க்குள் இருந்த நுண்ணிய துளிகள் வீட்டுக்குள் இழுக்கப்பட்டிருக்கலாம் என்று கண்டார்கள். அதன்பின் தரைத் துவாரங்களில் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றும்படி அங்கே மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். வானுயரக் கட்டடங்கள் உள்ள நகரத்திலும் உயிருக்குக் காவல் நின்றது அதே மூன்று விரல் தண்ணீர்தான்.

தண்ணீர் வற்றும் என்ற இந்த விடயம் எங்கள் வன்னிக்கு மிகவும் பொருந்தும். வைகாசியில் இருந்து புரட்டாதிவரை இங்கே மழை குறைவு. சோளகக் காற்று எல்லாவற்றையும் காயவைக்கும். அதோடு எங்களில் பல குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு வீடு. புத்தளத்தில் ஒரு கால், ஊரில் ஒரு கால். பிள்ளைகளின் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் ஊர் வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவிட்டுப் போகிறோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நாற்றம் அடிக்கிறது. பூட்டிக்கிடந்த வீட்டில் ஜின் குடியேறிவிட்டது என்றுகூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வந்தது ஜின் அல்ல. ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிவிட்டு யன்னலைத் திறந்துவைத்தால் சிறிது நேரத்தில் போய்விடும். வீட்டைப் பூட்டிப் போகும்போது தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் விட்டால், எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

எங்கள் வீட்டு வேலை முடிந்த செய்தி பரவியதும், முன்பு கதை பேசியவர்களில் இரண்டு மூன்று பேரே மெல்ல வந்தார்கள். "எங்கட வீட்டையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ." மாமா கட்டாருக்குப் போய்விட்டார். நான் ஊதுபத்தியும் ரோர்ச் லைற்றுமாகப் போனேன். பார்த்த வீடுகளில் இருந்து நான் அறிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் பார்க்கலாம்.

சில நாள் பாவிக்காத குளியலறை மட்டும் நாறினால், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் வேறொரு பிழையும் இல்லை. தண்ணீர் ஊற்றிய பின்பும் துவாரத்துக்குள் ரோர்ச் அடித்தால் தண்ணீர் மினுங்காவிட்டால், ட்ராப் இல்லை. கொமட்டுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பேசினோ தரைத் துவாரமோ 'குளுக் குளுக்' என்று சத்தமிட்டால், காற்றுக் குழாய் இல்லை அல்லது அடைத்திருக்கிறது. கொமட்டின் அடியில் மணம் கூடினால், அது குழாயோடு சேரும் இடத்தில் இடைவெளி இருக்கலாம். கழுவிய மறுநாளே வற்றிப்போகும் ட்ராப்பில் தலைமயிர் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, வளைவுக்கு மேலால் தொங்கும் மயிர்க்கற்றை தண்ணீரைச் சிறுகச் சிறுக அடுத்த பக்கத்துக்கு இழுத்துவிடும். நீளக் கூந்தல் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சாதாரணம். ஒன்றை மட்டும் செய்யவேண்டாம்: குழிக்குள் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவோ, யாரையும் இறக்கவோ வேண்டாம். ஐதரசன் சல்பைட்டு அளவு கூடினால் மூக்கின் உணர்வே செத்துவிடும். மணம் இல்லை என்று நம்பி இறங்கியவர்கள் உயிரோடு ஏறுவதில்லை.

மூக்கைப் பற்றி இன்னொன்று. நாளெல்லாம் ஒரே மணத்துக்குள் இருந்தால் மூக்கு அதற்குப் பழகி, மணப்பதை நிறுத்திவிடும். அதனால்தான் வீட்டாருக்குத் தெரியாதது வந்தவருக்குத் தெரிகிறது. ஆகவே ஒரு வீட்டில் மணத்தைக் கண்டால், வெளியே போய்க் கதை சொல்லாமல், அந்த வீட்டுப் பெண்ணிடம் இரகசியமாக, அன்பாகச் சொல்லுங்கள். வெங்காயம் பூண்டு சாப்பிட்டுவிட்டு வந்து பள்ளிவாசலில் மற்றவர்களுக்குத் தொல்லை கொடுக்கவேண்டாம் என்று கற்பித்த மார்க்கம், பிறர் குறையை மறைக்கவும் கற்பித்திருக்கிறது. எங்கள் வீட்டில் பாதித் தேநீரை வைத்துவிட்டுப் போனவர், போகும்போது உம்மாவின் கையைப் பிடித்து, "குழாயைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மேசன்மாரைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. திரும்பி வந்த ஊரில் எங்களுக்குச் சுவர் எழுப்பித் தந்தவர்கள் அவர்கள். ஆனால் குழாய் வேலை தனித் தொழில்; அதற்குத் தனிப் படிப்பும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் இருக்கின்றன. மண்ணுக்குள் மறைந்துபோகும் வேலை ஒரு அமானிதம். மனிதர் பார்க்கமாட்டார்கள், அல்லாஹ் பார்க்கிறான் என்ற நினைவோடு செய்யவேண்டிய வேலை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் குளியலறை கட்டும்போது பெண்களுக்கு இருக்கும் பங்கு பெரும்பாலும் வேலையாட்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதும், மாபிளின் நிறத்தைச் சொல்வதும்தான். அந்த அறையைக் கழுவப்போகிறவர்களும் அது நாறினால் பேச்சு வாங்கப்போகிறவர்களும் அவர்கள்தான். சீமெந்து போடுவதற்கு முன் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். குழாய் திறந்திருக்கும்போதே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு உடைக்கவேண்டி வந்தால் எங்கே உடைப்பது என்று தெரியும்.

தோழிகளே, உங்களில் சிலர் நாளை பொறியியலாளராகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் எங்களுக்குத் தூரமில்லாத கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது. பலர் வீட்டை நடத்துவீர்கள். யாராக இருந்தாலும், உங்களுக்கென்று ஒரு குளியலறை கட்டப்படும் நாளில் வெட்கப்படாமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "தண்ணி எங்க நிக்கும்? காத்து எதால போகும்?" இரண்டுக்கும் விரலால் காட்டிப் பதில் சொல்லக்கூடியவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.